நான்கு படி ஏற்றம், நான்கு படி இறக்கம்

மேட் புளூம்ஃபீல்டு அடித்த கோல் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. 2014 செப்டம்பர் முதல் 2018 கோடை வரை வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷர் பகுதியில் வசித்தபோது, விக்கம் வாண்டரர்ஸ் அணியின் சொந்த மைதானமான ஆடம்ஸ் பார்க்கில் முப்பது ஆட்டங்களுக்குக் குறையாமல் பார்த்திருப்பேன். அவற்றில் பலவற்றில் அவர் நடுக்களத்தில் ஆடினார். மழையில் வழுக்கி விழுந்த லைன்ஸ்மேன் நினைவில் இருக்கிறார். இடைவேளையில் வரிசையில் நின்று வாங்கித் தின்ற பொருளின் சூடு இன்னும் நாக்கில் இருக்கிறது. புளூம்ஃபீல்டு செய்த ஒன்றைத் தனியே பிரித்தெடுத்துச் சொல்லத்தான் முடியவில்லை. அவரைக் குறைத்துக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே கழகத்துக்காகப் பதினெட்டு ஆண்டுகளில் 558 ஆட்டங்கள் ஆடிய ஒருவரின் உழைப்பு, அதை நேரில் பார்த்தவன் மனத்தில் ஏன் ஒரு காட்சியாகக்கூடத் தங்கவில்லை என்ற கேள்வி நெடுநாளாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கான பதில், கீழ்த்தள லீக்குகளில் ஒரு நடுக்கள ஆட்டக்காரரின் பிழைப்பு எப்படிப்பட்டது என்பதில்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

நம் ஊரில் இங்கிலாந்துக் கால்பந்து என்றால் வார இறுதி இரவுகளில் தொலைக்காட்சியில் வரும் பிரீமியர் லீக்கின் இருபது அணிகளோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று தளங்கள் இருக்கின்றன. தளத்துக்கு 24 அணிகள். மேலே உள்ள இருபதையும் சேர்த்தால் மொத்தம் 92 கழகங்கள். மூன்றாம் தளத்துக்கு 'ஒன்' என்றும் நான்காம் தளத்துக்கு 'டூ' என்றும் 2004-ல் பெயர் சூட்டியது எந்த விளம்பர மூளையின் வேலையோ, எனக்கு அது பழகவே பல மாதங்கள் ஆயின. ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும் சீசனில் இந்த மூன்று தளங்களிலும் ஓர் அணி 46 லீக் ஆட்டங்கள் ஆடவேண்டும். கோப்பைப் போட்டிகள் இதற்கு வெளியே. சனிக்கிழமை ஓர் ஆட்டம், செவ்வாய்க்கிழமை இரவு இன்னோர் ஆட்டம், நடுவே பேருந்தில் நான்கைந்து மணி நேரப் பயணம் என்பதுதான் குளிர்காலம் முழுவதும் இவர்களுடைய வாழ்க்கை.

நான்காம் தளத்தின் அடியில் கடைசி இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகள் இந்த 92-க்கு வெளியே தள்ளப்படும். விழுந்த அணி திரும்பி வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். ஆகவே பிரீமியர் லீக்கில் பத்தாம் இடத்துக்கும் பன்னிரண்டாம் இடத்துக்கும் நடக்கும் ஆட்டத்தில் இல்லாத ஒரு பயம், லீக் டூவின் சாதாரண பிப்ரவரி மாத ஆட்டத்தில் இருக்கும். அந்தப் பயம்தான் என்னை அங்கே திரும்பத் திரும்ப இழுத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹை விக்கம் நாற்காலி செய்பவர்களின் ஊர். சுற்றியுள்ள சில்ட்டன் குன்றுகளின் பீச் மரங்களை வெட்டி, கடைந்து, நாற்காலிகளாக்கி நாடு முழுக்க அனுப்பிய தச்சர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அதனால்தான் அந்த ஊர்க் கால்பந்து அணிக்குச் 'சேர்பாய்ஸ்' என்று செல்லப்பெயர். அணியின் சட்டையில் வெளிர்நீலமும் கருநீலமும் நான்கு கட்டங்களாக இருக்கும். அமெச்சூர் அணியாக நெடுங்காலம் ஆடிவந்த விக்கம், மார்ட்டின் ஓ'நீல் மேலாளராக இருந்த 1993-ல்தான் தொழில்முறை லீக்குக்குள் வந்தது. 1990-ல் திறக்கப்பட்ட ஆடம்ஸ் பார்க், தொழிற்பேட்டைச் சாலை ஒன்றின் முடிவில் இருக்கிறது. அச்சகங்களையும் கிடங்குகளையும் கார் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் கடந்து நடந்தால், இனிமேல் இங்கே ஒன்றும் இருக்காது என்று தோன்றும் இடத்தில் மைதானம் வரும். அதற்குப் பின்னால் காடடர்ந்த குன்று. சுமார் பத்தாயிரம் பேருக்கு இடமுண்டு. நான் போன நாட்களில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் வந்தாலே நல்ல கூட்டம்.

புளூம்ஃபீல்டு இந்த ஊர்க்காரர் அல்லர். கிழக்குக் கடற்கரையில் சஃபோக் பகுதியைச் சேர்ந்தவர். இப்ஸ்விச் டவுன் கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்தவர். அங்கே முதல் அணியில் நிலையான இடம் கிடைக்காமல், 2003 டிசம்பரில், பத்தொன்பது வயதில் விக்கமுக்கு வந்தார். பெரிய கழகங்களின் இளையோர் பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இப்படி வெளியே அனுப்பப்படுகிறார்கள். பள்ளிப்படிப்பைப் பாதியாக்கி எட்டு, பத்து ஆண்டுகள் ஒரே கனவில் வாழ்ந்தபின், பதினெட்டு பத்தொன்பது வயதில் ஓர் அறைக்குள் அழைத்து, 'உன்னைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லிவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்தை விட்டே விலகிவிடுவார்கள். மிஞ்சுகிறவர்கள் ஒரு படியோ இரண்டு படியோ கீழே இறங்கி, கிடைத்த இடத்தில் காலூன்றப் பார்ப்பார்கள். கீழ்த்தள ஆட்டக்காரர் என்ற சொல்லைக் கேட்டதும் திறமை குறைந்தவர் என்று நினைத்துக்கொள்கிறோம். தன் ஊர்ப் பள்ளியிலும் தன் மாவட்டத்திலும் சிறந்த ஆட்டக்காரராக இருந்திராத ஒருவர்கூட லீக் டூவில் இருக்க வாய்ப்பில்லை.

அவர் வந்தபோது விக்கமின் மேலாளராக இருந்தவர், ஆர்சனலுக்கும் இங்கிலாந்துக்கும் தலைமை தாங்கிய டோனி ஆடம்ஸ். அந்த சீசன் முடிவிலேயே, 2004-ல், அணி மூன்றாம் தளத்திலிருந்து நான்காம் தளத்துக்கு இறங்கியது. அதன்பின் நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் யாரோ பரமபதம் ஆடியதுபோல இருக்கும். 2009-ல் ஏற்றம், 2010-ல் இறக்கம், 2011-ல் மீண்டும் ஏற்றம், 2012-ல் மீண்டும் இறக்கம், 2018-ல் ஏற்றம், 2020-ல் கழக வரலாற்றில் முதன்முறையாகச் சாம்பியன்ஷிப்புக்கு ஏற்றம், 2021-ல் இறக்கம். ஆக நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்கி, எந்தத் தளத்தில் வந்து சேர்ந்தாரோ அதே மூன்றாம் தளத்தில்தான் அவர் ஓய்வு பெற்றார். இடையில் ஆறு நிரந்தர மேலாளர்கள்: ஆடம்ஸ், ஜான் கார்மன், பால் லாம்பர்ட், பீட்டர் டெய்லர், கேரி வாடக், கேரத் ஐன்ஸ்வர்த்.

மேலாளர் மாறுவது எந்த ஆட்டக்காரருக்கும் கண்டம்தான். நடுக்களத்தில் ஆடுகிறவருக்கு அது இரட்டைக் கண்டம். கோல்கீப்பரின் வேலை எந்த மேலாளர் வந்தாலும் பெரிதாக மாறாது. கோல் அடிப்பவரிடம் எல்லா மேலாளர்களும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நடுக்களத்தின் வேலையோ மேலாளரின் எண்ணத்திலிருந்தே பிறக்கிறது. தரையோடு குறும் பாஸ்களாகப் பந்தைக் கொண்டுபோக நினைக்கிறவருக்கு ஒரு வகை ஆள் வேண்டும். பின்களத்திலிருந்து முன்களத்துக்கு நேராகத் தூக்கியடிக்கச் சொல்கிறவருக்கு வேறு வகை ஆள் வேண்டும். புதிதாக வருகிறவர் தனக்குத் தெரிந்த நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரைக் கூடவே அழைத்து வருவது வழக்கம். லாம்பர்ட்டே ஒரு காலத்தில் பெரிய நடுக்கள ஆட்டக்காரர். 1997 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பொருசியா டார்ட்மண்ட் அணிக்காக ஜிதானை முடக்கிப்போட்ட வேலை அவருடையது. அப்படிப்பட்டவரின் கண்ணெதிரே தினமும் பயிற்சியில் நடுக்களத்தில் நிற்பது எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லாம்பர்ட் காலத்தில்தான், 2007 ஜனவரியில், நான்காம் தளத்து விக்கம் லீக் கோப்பை அரையிறுதிக்குப் போய் ஆடம்ஸ் பார்க்கில் மொரின்யோவின் செல்சியை 1-1 என்று நிறுத்தியது. இரண்டாவது ஆட்டத்தில் செல்சி 4-0 என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது வேறு கதை.

ஆறு மேலாளர்களுக்கும் தேவைப்பட்ட ஒன்று புளூம்ஃபீல்டிடம் இருந்திருக்க வேண்டும். அது என்ன என்பதை நான் பார்த்த ஐன்ஸ்வர்த் காலத்து ஆட்டத்தை வைத்தே சொல்ல முடியும். நீள முடியும் தோல் மேலங்கியுமாக ராக் இசைக்குழுவில் பாடும் ஐன்ஸ்வர்த், கீழ்த்தள லீக்குகளில் விங்கராக ஓடி ஓடி வளர்ந்தவர். கையில் காசில்லாத அணிக்கு அவர் அமைத்துக் கொடுத்த ஆட்டம் ஒளிவுமறைவற்றது. பந்தை முன்னால் நிற்கும் பலசாலியின் தலைக்கோ மார்புக்கோ அனுப்பவேண்டும். 2016-க்குப் பிறகு அந்தப் பலசாலி அடேபாயோ அக்கின்ஃபென்வா. அந்தப் பந்து எங்கே தெறித்து விழும் என்று முன்கூட்டி ஊகித்து, எதிரணி ஆள் வருவதற்குள் அங்கே போய் நிற்பதுதான் நடுக்களத்தின் வேலை. அதை அங்கே 'இரண்டாம் பந்து' என்பார்கள். முதல் பந்துக்காக இருவர் எகிறுவதை எல்லோரும் பார்க்கிறோம். இரண்டாம் பந்து விழுமிடத்துக்கு ஒருவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. பத்து முறை ஓடினால் இரண்டு முறை பந்து அங்கே விழும். மற்ற எட்டு ஓட்டங்களும் கணக்கில் வராது. ஆனால் அந்த எட்டையும் ஓடாதவருக்கு இந்த இரண்டும் கிடைக்காது. நடுக்கள ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார் என்பது பொதுக் கணக்கு. அதில் பந்து காலில் இருக்கும் தூரம் மிகச் சொற்பம்.

இதற்கு மேல் இன்னொரு வேலை உண்டு: பக்கவாட்டுப் பின்கள ஆட்டக்காரர் முன்னேறிப் போனால் அவர் விட்டுப்போன இடத்தைக் காப்பது. அவர் திரும்பி வந்ததும் இவர் சத்தமில்லாமல் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவார். ஆபத்து வரவில்லை, எனவே யாரும் கைதட்டவில்லை. கல்லூரி நாட்களில் நானும் இதே இடத்தில் ஆடியவன்தான். எங்கள் மைதானத்தில் பழைய ஆட்டக்காரர்கள் அதை 'ஹாஃப்' என்பார்கள். ஃபார்வர்டு விளையாட ஆசைப்பட்டு வந்தவனை, வேகம் போதாது என்று ஹாஃபுக்கு அனுப்பினார்கள். அப்போது அது தண்டனையாகத் தோன்றியது. ஆடம்ஸ் பார்க்கில் நான்கு சீசன் உட்கார்ந்த பிறகுதான், நான் அந்த இடத்தில் ஆடவே இல்லை, வெறுமனே நின்றிருக்கிறேன் என்பது விளங்கியது.

நான் போய்ச் சேர்ந்த 2014 செப்டம்பரில் மைதானத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்கு மாதங்களுக்கு முன், 2014 மே 3 அன்று, விக்கம் லீக்கை விட்டே வெளியேறும் விளிம்பில் இருந்தது. அது லீக் டூவின் கடைசி ஆட்டநாள். விக்கமின் கையில் 47 புள்ளிகள். அதற்கு மேலே இருந்த பிரிஸ்டல் ரோவர்ஸ் கையில் 50. விக்கம் டார்க்கி அணியின் ஊருக்கே போய் அதை வெல்லவேண்டும். அதே நேரத்தில் பிரிஸ்டல் ரோவர்ஸ் தன் சொந்த மைதானத்தில் தோற்கவேண்டும். விக்கம் 3-0 என்று வென்றது. பிரிஸ்டல் ரோவர்ஸ் மேன்ஸ்ஃபீல்டிடம் 0-1 என்று தோற்றது. இரண்டும் 50 புள்ளிகள்; கோல் வித்தியாசத்தில் விக்கம் பிழைத்தது, 1920 முதல் லீக்கில் இருந்த பிரிஸ்டல் ரோவர்ஸ் வெளியே போனது. எனக்குப் பக்கத்து இருக்கையில் வழக்கமாக அமரும் முதியவர், அன்று டார்க்கியிலிருந்து திரும்பும்போது பேருந்தில் யாரும் பாடவில்லை, எல்லோரும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்கள்போல் இருந்தார்கள் என்று சொன்னார்.

அந்த நிலைக்கு அணி வந்ததற்குப் பணமே காரணம். 2012-ல் இறக்கம் கண்ட கழகத்தை அதே ஆண்டில் ரசிகர் அறக்கட்டளையே எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. இளையோர் பள்ளியை மூடினார்கள். கூலிச் செலவைக் குறைத்தார்கள். எவ்வளவு மெலிந்த அணி என்றால், 2015-ல் ஓர் ஆட்டத்தில் கோல்கீப்பர் காயமடைந்தபோது 46 வயதான கோல்கீப்பர் பயிற்சியாளர் பேரி ரிச்சர்ட்சனே கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினார். இப்படிப்பட்ட கழகத்தில் பழைய ஆட்டக்காரர் ஒருவர் தொடர்ந்து இருப்பதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது எளிது. எனக்கு அந்தச் சொல்லில் முழு நம்பிக்கை இல்லை. விசுவாசத்தை ஆட்டக்காரர் காட்டலாம். ஒப்பந்தத்தை நீட்டிக்கவேண்டியது கழகம்.

கீழ்த்தள லீக்குகளில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோதான். ஜூன் 30 அன்று முடியும். மே மாதத்தில் ஒவ்வொரு கழகமும் ஒரு பட்டியல் வெளியிடும்: இவர்களை வைத்துக்கொள்கிறோம், இவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம், இவர்களை விடுவிக்கிறோம். மூன்றாவது பிரிவில் பெயர் வந்தால் ஜூலையில் புது ஊர் தேடவேண்டும்; குழந்தைகளின் பள்ளி, மனைவியின் வேலை, வீட்டு வாடகை எல்லாம் அதோடு நகரும். தொடை நரம்பு பிடித்துக்கொண்டு மார்ச் மாதத்தில் உட்கார்ந்துவிட்ட ஆட்டக்காரருக்கு அந்தப் பட்டியல் வரும்வரை தூக்கம் ஏது? ஊதியமும் நாம் நினைப்பதுபோல் இல்லை. 2020 ஆகஸ்டில் லீக் ஒன் கழகம் ஒன்று ஆண்டுக்கு மொத்தமாக 25 லட்சம் பவுண்டும் லீக் டூ கழகம் 15 லட்சம் பவுண்டும்தான் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடலாம் என்று உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். ஆட்டக்காரர் சங்கம் எதிர்த்து வழக்காடி, 2021 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. பிரீமியர் லீக்கின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் சில மாதங்களில் ஈட்டும் தொகையில் ஓர் அணி முழுவதும் ஆண்டைக் கடக்கவேண்டும் என்பதே அந்த வரம்பின் பொருள்.

என் சொந்த ஒப்பந்தமும் ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் மாதத்தில்தான் புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்தால் விசா, இல்லாவிட்டால் விமானச் சீட்டு. நான் வேலைபார்த்த இடத்தில் மேலதிகாரி மாறும்போதெல்லாம் நானும் புதிதாக என்னை நிரூபிக்கவேண்டியிருந்தது. நான்காவது ஜூனில் கடிதம் வரவில்லை. முப்பத்தைந்து வயதில் பெட்டி கட்டியபோது, என்னைவிட ஒன்றிரண்டு வயது மட்டுமே குறைந்தவரான புளூம்ஃபீல்டு, பதினான்கு கோடைகள் இதே வாசலைத் தாண்டியிருக்கிறார் என்ற கணக்கு என் மனத்தில் ஓடியது. அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று செஸ்டர்ஃபீல்டில் 2-1 என்று வென்று விக்கம் லீக் ஒன்னுக்கு ஏறியிருந்தது. நான் கிளம்பிய நேரத்தில் அணி மேலே போய்க்கொண்டிருந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இடையில் 2015 மே மாதத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விட்டுவிடவே விரும்புகிறேன், ஆனால் முடியாது. டார்க்கியில் தப்பித்த அதே அணி அடுத்த சீசனில் நான்காம் இடம் பிடித்து, மேலே ஏறுவதற்கு மிஞ்சியிருக்கும் ஓர் இடத்துக்காக நடக்கும் ப்ளேஆஃப் போட்டியின் இறுதியாட்டத்தை, லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் சவுத்எண்ட் யுனைடெட்டுக்கு எதிராக ஆடியது. கூடுதல் நேரத்தில் விக்கம் அடித்த ஃப்ரீ கிக் கம்பத்தில் பட்டு, கோல்கீப்பரின் மேல் தெறித்து உள்ளே போனது. 122-வது நிமிடம்வரை 1-0. அப்போது சவுத்எண்டின் ஜோ பிகாட் சமன் செய்தார். பெனால்டி ஷூட் அவுட்டில் 7-6 என்று சவுத்எண்ட் வென்றது. அன்று வெம்ப்ளியிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். பன்னிரண்டு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் கரைந்த பிறகு, எல்லோரும் ஜூலையில் அதே தொழிற்பேட்டைச் சாலைக்குத் திரும்பி முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள் என்பது அன்று எனக்கு நம்பமுடியாததாக இருந்தது.

அதற்கு ஈடாக ஐந்து ஆண்டுகள் கழித்து வந்ததை அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம், கணிதம் என்றும் சொல்லலாம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் ஆட்டங்கள் நின்றபோது விக்கம் லீக் ஒன்னில் எட்டாம் இடத்தில் இருந்தது: 34 ஆட்டங்கள், 59 புள்ளிகள். மேலே இருந்த ஆக்ஸ்ஃபோர்டு, போர்ட்ஸ்மத், ஃப்ளீட்வுட் மூன்றும் 35 ஆட்டங்களில் 60 புள்ளிகள் பெற்றிருந்தன. ஜூனில் சீசனை அத்தோடு முடித்து, ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்று கணக்கிட்டு இடங்களை முடிவுசெய்தார்கள். 60-ஐ 35-ஆல் வகுத்தால் 1.71, 59-ஐ 34-ஆல் வகுத்தால் 1.74. ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருந்த விக்கம் எட்டிலிருந்து மூன்றுக்குத் தாவியது. ஆறாம் இடத்தில் இருந்த பீட்டர்பரோ அதே கணக்கால் ப்ளேஆஃப் இடத்தை இழந்தது. அவர்களுடைய ரசிகர்கள் இன்றும் இதை மறக்கவில்லை. நானாக இருந்தாலும் மறக்கமாட்டேன்.

ப்ளேஆஃப் அரையிறுதியில் ஃப்ளீட்வுட்டை வென்று, இறுதியில் ஜூலை 13 அன்று ஆளில்லாத வெம்ப்ளியில் ஆக்ஸ்ஃபோர்டை விக்கம் சந்தித்தது. சென்னையில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டு. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு கைப்பேசியில் வரிவரியாக வந்த வர்ணனையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆன்டனி ஸ்டீவர்ட் தலையால் முட்டி முதல் கோல். ஆக்ஸ்ஃபோர்டு சமன் செய்தது. 79-வது நிமிடத்தில் ஜோ ஜேக்கப்சனின் பெனால்டி. 2-1. ஆறு ஆண்டுகளுக்கு முன் லீக்கைவிட்டே வெளியேற இருந்த கழகம், பிரீமியர் லீக்குக்கு ஒரு படி கீழே போய் நின்றது. 36 வயது புளூம்ஃபீல்டு அந்த அணியில் இருந்தார். நாற்காலிக்காரர் ஊரின் மூவாயிரம் பேரில் ஒருவர்கூட அதை நேரில் பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போது இப்போதும் மனம் கனக்கிறது.

சாம்பியன்ஷிப்பில் முதல் ஏழு ஆட்டங்களிலும் விக்கம் தோற்றது. இரக்கமும் ஏளனமும் கலந்து எல்லோரும் கணக்கை முடித்துவிட்டார்கள். ஆனால் கடைசி நாளில் மிடில்ஸ்பரோவை அதன் சொந்த மைதானத்தில் 3-0 என்று வென்றபோது விக்கமின் கையில் 43 புள்ளிகள் இருந்தன. 44 பெற்ற டார்பி தப்பியது. ஒரே ஒரு புள்ளி. 46 ஆட்டங்களில் எங்கோ ஒரு மழை இரவில், இரண்டாம் பந்து ஒரு கஜம் தள்ளி விழுந்திருந்தால் வந்திருக்கக்கூடிய புள்ளி.

2021-22 சீசனின் தொடக்கத்தில் புளூம்ஃபீல்டுக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. அதன் பிறகு அவர் களம் திரும்பவில்லை. 2022 பிப்ரவரியில், 38 வயதை ஒட்டி, ஓய்வை அறிவித்தார். முழங்காலோ தொடையோ சொல்லும் 'போதும்' என்ற பேச்சை ஓர் ஆட்டக்காரர் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகியிருப்பார். தலை சொல்வது வேறு. தலையால் முட்டி ஆடிய தலைமுறைகளுக்கு என்ன நேர்ந்தது என்பது அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் பேசப்படாத நாளில்லை. கிளாஸ்கோவில் நடந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. முன்னாள் ஸ்காட்லாந்துத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று அது சொன்னது. ஆட்டக்காலம் நீள நீள ஆபத்தும் கூடுகிறது என்று 2021-ல் வந்த தொடராய்வு காட்டியது. அதே 2021-22 சீசனிலிருந்து, பயிற்சியில் ஒருவர் வாரத்துக்குப் பத்துக்கு மேல் வலுவான ஹெட்டர்கள் செய்யக்கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்து அமைப்புகள் வழிகாட்டின. வானத்திலிருந்து இறங்கும் பந்தைத் துரத்தியே பிழைக்கும் கீழ்த்தள நடுக்களத்துக்கு அந்தப் பத்து என்ற எண் எப்படிப் பட்டிருக்கும் என்று தெரியவில்லை. நான் கைதட்டிய எத்தனையோ ஹெட்டர்களை அதற்குப் பிறகு பழைய மகிழ்ச்சியோடு நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஓய்வுக்குப் பின் அவர் பயிற்சிப் பக்கம் திரும்பினார். 2022 செப்டம்பர் முடிவில் லீக் டூவில் இருந்த கோல்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளரானார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஐன்ஸ்வர்த் குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்குப் போக, 2023 பிப்ரவரியில் விக்கம் புளூம்ஃபீல்டை மேலாளராகத் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த ஆண்டு மே மாதத்தில், யார் இருக்கலாம் யார் போகலாம் என்ற பட்டியலை முடிவுசெய்யும் இடத்தில் முதன்முறையாக அவர் உட்கார்ந்தார். அதில் இருந்தவர்களில் சிலர் ஓராண்டுக்கு முன்புவரை உடை மாற்றும் அறையில் அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள். 2024 ஏப்ரலில், கீழ்த்தள அணிகளுக்கான கோப்பைப் போட்டியான ஈஎஃப்எல் டிராபியின் இறுதிக்காக அணியை வெம்ப்ளிக்குக் கூட்டிச்சென்றார்; 2-1 என்று வென்ற எதிரணி, வேறு யாருமில்லை, பீட்டர்பரோ. அடுத்த சீசனில் விக்கம் லீக் ஒன்னில் இரண்டாம் இடத்தில் இருந்தபோது, 2025 ஜனவரியில், சாம்பியன்ஷிப்பில் தத்தளித்துக்கொண்டிருந்த லூட்டன் டவுனின் அழைப்பை ஏற்று அவர் கிளம்பினார். மே மாதத்தில் லூட்டன் மூன்றாம் தளத்துக்கு இறங்கியது. அக்டோபரில் அவரை நீக்கினார்கள். அவர் அங்கே போய் ஒன்பது மாதங்கள்கூட முழுமையாக ஆகியிருக்கவில்லை.